அக்கா என்று அர்த்தம்

மிஸிஸ் லாம் அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்டபோது அருள்மலர் கட்டிலில் கிடந்தாள். பித்தப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியால் வந்த கிழமை. எழும்பி ஓடவும் முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. குசினியில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று சொல்லி நழுவக்கூடிய நிலையில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று பிற்பாடு அவள் எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டாள். நினைத்து என்ன, நடந்தது நடந்ததுதான்.

சொல் வேறொன்றுமில்லை. சப்பட்டை.

ரொறன்ரோவுக்கு வந்த நம்முடைய சனத்திடம் ஒரு கெட்டித்தனம் உண்டு. பக்கத்தில் எந்த நாட்டுக்காரர் குடிவந்தாலும், அவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே அவருக்கு ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். சீனர், வியட்நாம்காரர், கொரியர், பிலிப்பினோக்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த ஒரு சொல். மூக்கையும் முகவெட்டையும் பார்த்து வைத்தது. காருக்குக் கீழே நசிபட்ட தகரப்பேணிக்கும் அதே சொல்தான். இதிலுள்ள பகிடி என்னவென்றால், ஒன்ராறியோ மாகாணத்து வெள்ளைக்காரரின் கண்ணுக்கு நாமும் அவர்களும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய ஆசியாக்காரர். ஒரே பஸ்ஸில் போய், ஒரே தொழிற்சாலையில் நின்று, ஒரே கடையில் ஒரே மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள். அவர்களும் நமக்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டறிய நாம் மினக்கெட்டதில்லை.

அருள்மலரின் கணவர் அலெக்ஸாண்டர் ட்ரக் ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் அல்ல. ஸ்னோ கொட்டினால் தன் வாசலோடு சேர்த்து மிஸிஸ் லாமின் வாசலையும் வழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஆனால் வாய் மட்டும் அவருடைய சொல் கேட்காது. மோர்னிங்சைட்டில் ஒட்டிக் கட்டிய அந்த ரவுண்ஹவுஸ் வரிசையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். அப்படியிருந்தும் அவருக்கு அவள் முதல் நாளிலிருந்தே சப்பட்டைதான்.

மிஸிஸ் லாம் சைகோனில் பிறந்த சீனப் பெண். சின்ன வயதில் படகில் தப்பி, எங்கெங்கோ முகாம்களில் கிடந்து வந்தவள். அருள்மலர் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து படகில் இராமேஸ்வரம் போய், அங்கே முகாமில் கிடந்து வந்தவள். கடலில் சத்தியெடுத்த கதையைச் சொல்லித்தான் இருவருக்கும் சிநேகிதம் பிடித்தது. ஒருத்தி பேசியது நொண்டி ஆங்கிலம், மற்றவள் பேசியது அதைவிட நொண்டி. இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு எப்படியோ நடந்துவிடும். அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னால் இனி வருகிற மாதிரித்தான் இருக்கும்.

அன்றைக்குக் கீழே கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு அலெக்ஸாண்டரின் குரல்.

"அருள், சப்பட்டை வந்து நிக்கிறா. சூப் கொண்டந்திருக்கிறா. மேல விடட்டோ?"

மிஸிஸ் லாம் பானையோடு மேலே வந்தாள். கோழியும் இஞ்சியும் போட்ட சூப். தலையணையை நிமிர்த்திவைத்து, கரண்டியைக் கையில் கொடுத்து, அருள்மலர் இரண்டு வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அருள், உன்ர மனுசன் என்னைக் கண்டால் எப்பவும் ஒரு சொல்லுச் சொல்லுறார். சப்-பட்-டை. எனக்கு அது பாடமாப் போச்சு. என்ன அர்த்தம்?"

அருள்மலரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கையில் அவளுடைய கரண்டி, வாயில் அவளுடைய கோழி. இந்த நிலையில் என்னத்தைச் சொல்ல?

"அது... ஒரு மரியாதையான சொல்லு. அக்கா எண்டு அர்த்தம். பக்கத்து வீட்டு அக்கா."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லியிருக்கலாம், சீனத்தி என்று சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது, அவரைக் கேள் என்று மனிசனின் தலையில் போட்டிருக்கலாம். அக்கா என்றுதான் வாயில் வந்தது. அவளை உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தாளோ என்னவோ.

மிஸிஸ் லாம் பானையின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எங்கட வீட்டில நான் ஆறாவது. கடைசி. மற்ற எல்லாரையும் நான்தான் அக்கா, அண்ணா எண்டு கூப்பிட்டன். என்னை அப்பிடிக் கூப்பிட ஒருத்தருமில்லை. எல்லாருக்கும் நான் நம்பர் சிக்ஸ்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப பார், இந்த வயசில எனக்கொரு தங்கச்சி!"

அருள்மலர் சூப்பை முழுதாகக் குடித்து முடித்தாள். அதைவிட்டால் அப்போது அவளுக்குச் செய்ய வேறொன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மிஸிஸ் லாம் அந்தச் சொல்லைக் கீழே வைக்கவில்லை. ரெலிபோன் எடுத்தால், "ஹலோ அருள், சப்பட்டை பேசுறன்" என்பாள். கதவைத் தட்டிவிட்டு, "சப்பட்டை வந்திருக்கிறன்" என்று தானே அறிவிப்பாள். அலெக்ஸாண்டருக்கு இது பெரிய குசி. முன்பு வீட்டுக்குள் திரும்பிச் சொன்னதை இப்போது நேருக்கு நேர் நின்று, "குட் மோர்னிங், சப்பட்டை!" என்று தொப்பியைத் தூக்கிச் சொல்வார். அவளும் முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டுவாள். அதைப் பார்க்கிற நேரமெல்லாம் அருள்மலர் குசினிக்குள் நழுவிவிடுவாள்.

மகள் ஜெசிகாவுக்கு விசயம் தெரிந்த அன்று அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினாள். ஜெசிகா இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள்.

"அப்பா, டூ யூ ஈவன் ஹியர் யுவர்செல்ஃப்? அது றேசிஸ்ற் வேர்ட்."

"என்ன றேசிஸ்ற்? சும்மா ஒரு சொல்லு. அவைக்கு விளங்கவே போகுது?" என்றார் அலெக்ஸாண்டர்.

"அம்மா, யூ ஹாவ் ரு ரெல் ஹேர். ப்ளீஸ். வேற ஆரும் சொல்ல முதல் நீங்கள் சொல்லுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன். ஒரு நேரம் பார்த்துச் சொல்லுறன்," என்றாள் அருள்மலர்.

அந்த நேரம் வரவேயில்லை. வந்த நேரங்களை அவள் வழியனுப்பிவைத்தாள் என்று சொல்வதுதான் நியாயம். மிஸிஸ் லாமின் புருசன் செத்த வருசம் சொல்ல முடியுமா? ஜெசிகாவின் பட்டமளிப்புக்கு அவள் பூங்கொத்தோடு வந்து நின்றபோது சொல்ல முடியுமா? தும்பை விட்டு வாலைப் பிடிப்பதென்பது இதுதான். நாள் போகப் போக வால்கூடக் கைக்கு எட்டாமல் போய்விடும்.

மிஸிஸ் லாம் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை ஒருநாள் மூடப்பட்டது. மகன் கெவின், "அம்மா, நீங்கள் வீட்டில செய்யிற சப்பைக் கடையில போட்டு விப்பம்" என்றான். வியட்நாம்காரர் நீளப் பாண் ரொட்டியைக் கீறி, இறைச்சியும் ஊறுகாய்க் கரட்டும் கொத்தமல்லித் தழையும் வைத்துத் தருவார்களே, அந்தச் சப். பக்கத்துப் பிளாசாவில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு அகப்பட்டது. அந்த மாரிகாலம் முழுக்க அருள்மலர்தான் ருசி பார்க்கிறவள். செத்தல் மிளகாய் இடித்த அவளுடைய கட்டைச் சம்பலை ஒருநாள் பாணுக்குள் வைத்துப் பார்த்தார்கள், அமர்க்களமாக இருந்தது. "தமிழ்ச் சனம் இதுக்கெண்டே வரும்," என்றாள் மிஸிஸ் லாம். இரண்டு பெண்களும் குசினியில் நின்று கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். அருள்மலரின் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமான மாரிகாலம் வேறில்லை.

கடை திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னர் ரெலிபோன் வந்தது.

"அருள், சப்பட்டைக்கு ஸ்பெலிங் என்ன? ஒரு பியோ, ரெண்டு பியோ? கெவின் கேக்கிறான்."

"ஏன்?" என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பேச்சு நீளும், நீண்டால் எங்கே போய் முடியுமோ என்ற பயம். ஏதாவது வாழ்த்து அட்டையில் எழுதப் போகிறார்களாக்கும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொன்னாள்.

"ரெண்டு பி. ரெண்டு ரி," என்றாள். எழுத்தெழுத்தாகவும் சொல்லிக்கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்கு அலெக்ஸாண்டர் கோட்டுப் போட்டு வந்தார். கெவின் ஏணியில் ஏறிப் பலகையை மூடியிருந்த துணியை இழுத்தான். சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஆளுயர எழுத்தில், ஆங்கிலத்தில், சப்பட்டை. அதற்குக் கீழே சின்னதாக: உங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

"இது என்ர சர்ப்ரைஸ்!" என்று மிஸிஸ் லாம் அருள்மலரைக் கட்டிப்பிடித்தாள். "நீ தந்த பேர்!"

அலெக்ஸாண்டர் முதலில் வெடித்துச் சிரிக்கப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு காருக்குள் போய் இருந்துவிட்டார். பார்க்கிங் லொட்டில் நின்ற இரண்டு தமிழ்ப் பொடியள் ஒருவனையொருவன் இடித்துக்கொண்டு போனை எடுத்தார்கள்.

வட்ஸ்அப் இருக்கும்போது பறை எதற்கு? பின்னேரத்துக்குள் அந்தப் பலகை ஸ்காபரோவைச் சுற்றி, றிச்மண்ட் ஹில் கோயில் வாசலைத் தாண்டி, லண்டன், பாரிஸ் எல்லாம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் சனம் வரிசை பிடித்து நின்றது. பலகைக்குக் கீழே நின்று படம் எடுப்பவர்கள், உள்ளே வந்து மிஸிஸ் லாமின் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுப்பவர்கள். அவளும் கையுறை போட்ட கையை ஆட்டி, "ஹலோ, நான் சப்பட்டை!" என்று சிரித்தாள். சம்பல் சப் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துபோனது.

"பாத்தியோ, எல்லாரும் சிரிச்சுக்கொண்டு வருகினம்," என்று அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சொன்னாள். "உங்கட ஆக்கள் நல்ல சனம், அருள். உன்ர சொல்லு எனக்கு ராசி."

அருள்மலர் அன்று சாப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் போய் முழங்காலில் நின்றாள்.

"சுவாமி, நான் ஒரு சிநேகிதிக்குப் பொய் சொல்லிப்போட்டன். ஒரு கெட்ட சொல்லுக்கு நல்ல அர்த்தம் சொல்லிப்போட்டன். அவ அதை நம்பி..."

தட்டிக்கு அந்தப் பக்கத்தில் சுவாமி கொஞ்சம் முன்னுக்குச் சரிந்த சத்தம் கேட்டது. "உது அந்த மோர்னிங்சைட் கடையோ, பிள்ளை?"

சுவாமிக்கும் வீடியோ வந்திருக்கிறது. அவர் ஒருமுறை செருமிக்கொண்டார்.

"செபமெல்லாம் பிறகு சொல்லலாம். முதல்ல போய் அவவிட்டச் சொல்லுங்கோ. இண்டைக்கே போங்கோ."

பூசை முடிந்த கையோடு போனாள். நேரே சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். மத்தியானம். கடைக்குள் வரிசை. வரிசையின் முன்னால் ஒரு வயதான அம்மா நின்றார். யோகராணி என்று பெயர், யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர், இப்போது டோர்செட் பார்க்கில் மகளோடு இருக்கிறார் என்று அருள்மலர் பின்னர் அறிந்தாள். அவர் சப் வாங்க வரவில்லை. நிதானமான ஆங்கிலத்தில், சத்தத்தைக் குறைத்து, மிஸிஸ் லாமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், குறை நினைக்காதேங்கோ. அந்தப் போர்டைக் கழட்டுங்கோ. அது நல்ல சொல் இல்லை. உங்கட முகத்தைப் பழிக்கிற சொல். எங்கட ஆக்கள் வெளியில நிண்டு சிரிக்கினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

மிஸிஸ் லாம் சிரித்தாள். "இல்லை, இல்லை, அம்மா. அது அக்கா எண்டு அர்த்தம். என்ர சிநேகிதி சொன்னவ. அவவும் தமிழ்தான்." அப்போதுதான் கதவடியில் நின்றவளைக் கண்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அந்தா, அவதான்! அருள், வா, இங்க வா. இந்த அம்மாவுக்கு நீ சொல்லு."

வரிசை முழுக்கத் திரும்பியது. சொல்லத்தானே வந்தாள்? ஓம், அந்த அம்மா சொல்வது சரி, நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான். அந்த வசனத்தைக் கோயிலிலிருந்து வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அத்தனை தமிழ் முகங்கள் தன்னைப் பார்த்தபோது, மிஸிஸ் லாமைவிட அந்த முகங்களுக்குத்தான் அவள் பயந்தாள். இதுதான் பிறகு அவளால் தனக்கே மன்னிக்க முடியாமல் போனது.

"எங்கட மன்னார்ப் பக்கம்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்லுறது. அக்கா எண்டுதான்."

யோகராணி அவளை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். தமிழில் கேட்டார். "மன்னாரில எந்த ஊரில, பிள்ளை?"

கோபமாகக் கேட்கவில்லை. பிழை விட்ட மாணவியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். வரிசையில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான்.

மிஸிஸ் லாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அருள்மலரின் முகம் தெரியும். அந்த முகத்துக்கு நோயிலும் துக்கத்திலும் சூப் கொடுத்தவள். கையுறை போட்ட விரலை மெதுவாகத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டாள்.

"இதுவோ?" என்றாள். "அருள், இதையோ சொன்னனீ?"

மிஸிஸ் லாம் கையுறையைக் கழற்றினாள். குப்பைக்குள் போட்டாள். புதிதாக ஒரு சோடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நெக்ஸ்ற் கஸ்ரமர், ப்ளீஸ்," என்றாள்.

மறுநாள் பலகை கழன்றது. அதன் இடத்தில் வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்தில் "லாம்ஸ்" என்று மட்டும் வந்தது. சம்பல் சப் நின்றுபோனது. அருள்மலர் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. மணியை அடித்தாள், உள்ளே ரிவியின் சத்தம் குறைந்ததே தவிர ஒருவரும் வரவில்லை. ஸ்னோ கொட்டிய காலையில் அலெக்ஸாண்டர் ஷவலோடு வெளியே போய், உடனேயே திரும்பி வந்தார். கெவின் முந்தி எழும்பித் தங்கள் வாசலை வழித்திருந்தான். எல்லை எங்கே முடிகிறதோ அங்கே, நூல் பிடித்த மாதிரி, நிறுத்தியிருந்தான்.

"சரி விடும், கொஞ்ச நாளையில மறந்திடுவினம்," என்றார் அலெக்ஸாண்டர். அவருக்கும் மனம் சரியில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் பழகின வாய் பழகினதைத்தானே பேசும்? ஒரு பின்னேரம் மார்க்கம் நகரிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் போன் எடுத்து, நல்ல சப் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

"மோர்னிங்சைட்டில, பிளாசாக்குள்ள... ஓம், ஓம், அந்தச் சப்பட்டையின்ர கடைதான்."

அருள்மலர் குசினியிலிருந்து ஓடிவந்தாள். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"அவவுக்குப் பேர் இல்லையோ? உங்களுக்குப் பேர் சொல்லத் தெரியாதோ?"

அலெக்ஸாண்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பயந்துபோய் அவளைப் பார்த்தார். "கத்தாதையும். சரி, என்ன பேர்? சொல்லும், அதையே சொல்லுறன்."

அவள் வாயைத் திறந்தாள். லாம் என்பது செத்துப்போன புருசனின் பெயர். கெவின் அவளை அம்மா என்பான். அவளுடைய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் அவள் நம்பர் சிக்ஸ். இவ்வளவு காலமும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்தும், அவளுடைய பெயரை அருள்மலர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. அப்படியே கதிரையில் இருந்து அழுதாள். அலெக்ஸாண்டர் போனை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த நாள் கடைக்குப் போனாள். சனமில்லாத நேரம், ஆனாலும் அவளுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர். அவர்கள் இருப்பதை இந்த முறை அவள் பொருட்படுத்தவில்லை. தன் முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அது அக்கா இல்லை, கெட்ட சொல் என்றாள். முதலில் வெட்கத்தில் பொய் சொன்னேன், பிறகு உன்னை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் மறைத்தேன், கடைசியில் என்ர சனத்துக்குப் பயந்து உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்றாள். நொண்டி ஆங்கிலம் இடையிடையே விழுந்தது. தாங்கிப் பிடிக்க எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

மிஸிஸ் லாம் இடைமறிக்காமல் கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அருள்மலருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி. கேட்டிட்டன்," என்றாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

உங்களுக்கு என்றுதான் அருள்மலரின் காதில் விழுந்தது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான், ஆனாலும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது.

"ஒரு சிக்கன் சப்."

மிஸிஸ் லாம் கடுதாசிப் பையை எடுத்து, பேனையைத் திறந்தாள். "பேர்?"

எல்லா வாடிக்கையாளரிடமும் அப்படித்தான் கேட்கிறாள். சப் ஆயத்தமானதும் கூப்பிட்டுக் கொடுப்பதற்காக. விளையாடுகிறாளோ என்று அருள்மலர் அவளுடைய கண்களைப் பார்த்தாள். பேனை பைக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"அருள்," என்றாள்.

அவள் எழுதினாள்.

"உங்கட பேர் என்ன?" என்று கேட்டாள் அருள்மலர். "மிஸிஸ் லாம் இல்லை. உங்கட சொந்தப் பேர்."

மிஸிஸ் லாம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு பேனையால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மேலே, காட்டினாள்.

"போர்டில எழுதியிருக்கு," என்றாள். "அது போதும்."

பின்னால் நின்றவருக்கு அவசரம் போலிருக்கிறது, ஓரடி முன்னால் வந்தார். அருள்மலர் அவருக்கு இடம் விட்டு விலகி நின்றாள்.